சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை



அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடைகளில் இலக்கியம் பேசுவார்கள், சமயம் பேசுவார்கள், சிற்சில சமயங்களில் விஞ்ஞானத்தின் விந்தைகளையும் பேசுவார்கள். சிறியதொரு தொழிற்கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், எத்தனை பேர் இடையிலே நின்றுவிடுகிறார்கள், அதற்குக் காரணம் யாது என்னும் விஷயம், பதிவேடுகளோடும் கூட்டல் கழித்தலோடும் கலந்த வறண்ட விஷயமாகையால், அதைப் பேச ஒருவனை அழைப்பதற்கு ஓரளவு துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்காக அறக்கட்டளையாரைப் பாராட்டிவிட்டு, பாலிடெக்னிக் ஒன்றில் நெடுங்காலம் ஆசிரியனாகவும், பின்னர் அதன் அலுவலகக் காகிதங்களுக்குப் பொறுப்பாளனாகவும் இருந்து பெற்ற அனுபவத்தின் துணைகொண்டு காரியத்துக்கு வருகிறேன்.

முதலில் கணக்கு. நம் தொழிற்கல்லூரிகளின் ஆண்டு விழா அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறுவது தேர்ச்சி விகிதம் என்னும் ஓர் எண். அது எழுபதாகவோ எண்பதாகவோ இருக்கும். முதல்வர் அதை வாசிக்கையில் கைதட்டலும் எழும். அந்த விகிதத்தின் மேலே இருக்கும் எண், தேர்ச்சி பெற்றவர்களின் தொகை என்பது எல்லாருக்கும் தெரியும். கீழே இருக்கும் எண் யாது என்று அந்தச் சபையில் எவரும் வினவுவதில்லை. அது பெரும்பாலும் இறுதித் தேர்வை எழுதியவர்களின் தொகையே அன்றி, மூன்றாண்டுக்கு முன் அந்தக் கல்லூரியின் வாயிலில் அடி எடுத்து வைத்தவர்களின் தொகை அன்று. கற்பனையாக ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் 40 பேர் சேர்கிறார்கள். அவர்களுள் 10 பேர் ஓராண்டுக்குள் நின்றுவிடுகிறார்கள். மேல்நிலைப் பள்ளியையோ ஐ.டி.ஐ.யையோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற விதியின்படி 10 பேர் புதிதாக வந்து அந்த இடங்களை நிரப்புகிறார்கள். இறுதித் தேர்வுக்கு 36 பேர் அமர்ந்து, 30 பேர் எல்லாத் தாள்களிலும் தேறுகிறார்கள். அந்த 30 பேரில் 9 பேர் இடையில் வந்தவர்கள். அறிக்கையில் அச்சாகும் விகிதம் 83. முதலாண்டில் சேர்ந்த நாற்பதின்மரில் முடித்தவர்கள் 21 பேரே ஆகையால், உண்மையான விகிதம் 52½. இரண்டும் பொய்யல்ல, ஆனால் முதல் எண்ணைப் பார்த்து மகிழ்பவருக்கு இரண்டாவது எண்ணைத் தேடும் எண்ணமே எழுவதில்லை.

நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை என்பது மிக நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐ.டி.ஐ.யில் பிட்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ பயின்று கைத்திறன் பெற்றுவந்த பிள்ளைகள், எங்கள் பட்டறைகளில் மற்றவர்களுக்குக் குரு ஸ்தானத்தில் இருந்ததை நான் பன்முறை கண்டிருக்கிறேன். எனினும், கசியும் குடத்தில் மேலிருந்து நீர் வார்த்துக்கொண்டே இருந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாமற்போவது போல, இரண்டாம் ஆண்டின் தலைக்கணக்கு முதலாண்டின் இழப்பை மறைத்துவிடுகிறது. பெஞ்சுகள் நிறைந்திருக்கையில் யார் போனார் என்று எவர் எண்ணப் போகிறார்?

சேர்ந்தவர்களைக் கொண்டே கணக்கைத் தொடங்க வேண்டும் என்ற கருத்தை அமெரிக்க நாட்டில் 1990-ஆம் ஆண்டு சட்டமாகவே ஆக்கினார்கள். அதன் பிறப்பு வேடிக்கையானது. கல்வியாளர்களின் விவேகத்திலிருந்து அது பிறக்கவில்லை. விளையாட்டு மைதானத்திலிருந்து பிறந்தது. கூடைப்பந்து ஆட்டத்துக்காகக் கல்லூரிகள் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் பட்டமின்றி அனுப்பிவிடுகின்றன என்ற மனக்குறை பரவிய காலத்தில், தாமே புகழ்பெற்ற கூடைப்பந்து வீரராக இருந்து செனட் சபைக்கு வந்த பில் பிராட்லியும் அவரைப் போன்ற சிலரும் முன்னின்று, ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவருள் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள் என்பதை வெளியிட்டாக வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். படிப்புக்கு விதித்த காலத்தைப் போல ஒன்றரை மடங்கு காலம் அவகாசம் தரப்படும். அதாவது, இரண்டாண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு, நான்காண்டுப் படிப்புக்கு ஆறாண்டு. அதற்குள் முடித்தவரே முடித்தவர்.

அந்தச் சட்டத்திலும் குறை உண்டு. முதன்முறையாகக் கல்லூரியில் காலடி வைத்து, முழுநேர மாணவராகச் சேர்ந்தோரை மட்டுமே அது எண்ணியது. பகலில் வேலை பார்த்து இரவில் படிப்பவன், வேறொரு கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு வந்தவன், குழந்தையைப் பெற்று வளர்த்துவிட்டுப் பத்தாண்டு கழித்துப் படிக்க வந்த தாய் ஆகியோர் அந்தக் கணக்கில் இல்லாத மனிதர்களாயினர். சிறு தொழிற்கல்லூரிகளின் வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவரோ பெரும்பாலும் அவர்களே. அண்மைக் காலத்தில்தான் அவர்களையும் சேர்த்து எண்ணும் வேறு அட்டவணைகளை அந்நாட்டு அரசு கேட்டுப் பெறத் தொடங்கியிருக்கிறது.

கல்லூரி சிறிதாக இருக்கும்போது கணக்கு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 25 பேர் கொண்ட வகுப்பில் ஒரு பையன் என்பது நூற்றுக்கு நான்கு. அண்ணன் தம்பியர் இருவர், தந்தை காலமானதால், ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள் என்றால் விகிதம் எட்டுப் புள்ளி சரிந்துவிடும். அடுத்த ஆண்டு அத்தகைய துன்பம் நேராவிட்டால் அதே விகிதம் எட்டுப் புள்ளி ஏறிவிடும். ஏறியதற்கு நிர்வாகம் புகழ் தேடிக்கொள்ளும், இறங்கியதற்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும். ஐந்தாண்டுச் சராசரியைப் பாருங்கள், ஓராண்டு எண்ணை நம்பாதீர்கள் என்பதே இதற்கு என் யோசனை. இதற்கு மேல் இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

தொழிற்கல்விக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அதில் சற்று நின்று பேச விரும்புகிறேன். கலைக் கல்லூரியில் பாதிப் படிப்பு என்பதற்குச் சந்தையில் விலையில்லை. தொழிற்கல்லூரியில் அப்படியன்று. வெல்டிங் பயிலும் இளைஞன் ஆறு மாதத்தில் ஓரளவு நேரான தையல் போடக் கற்றுக்கொண்டுவிட்டால், அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஏதேனும் ஒரு சிறு பட்டறை அவனுக்கு நாட்கூலி தரக் காத்திருக்கிறது. வீட்டிலே கடன், தங்கைக்குப் பள்ளிக்கட்டணம், அவன் போய்விடுகிறான். நாங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுத்ததனாலேயே எங்களை விட்டுப் போகிறான் என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். இவனைத் தோல்வி என்று எழுதுவதா, வெற்றி என்று எழுதுவதா?

அமெரிக்காவில் அட்லாண்டா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஒரு மன்றம் இந்தக் கேள்விக்குத் துணிந்து ஒரு விடை எழுதியிருக்கிறது. சான்றிதழ் பெறாமலே விலகினாலும், அந்தத் தொழிலில் அமர்வதற்குப் போதுமான திறனைப் பெற்று, அந்தத் தொழிலிலேயே வேலைக்குப் போயிருந்தால், அவனையும் முடித்தவர்களின் வரிசையிலே, பட்டம் பெறாமல் முடித்தவன் என்ற தனித் தலைப்பின் கீழ், எண்ணிக்கொள்ளலாம் என்பது அந்த விடை. அவ்வாறு எண்ணி, நூற்றுக்கு 60 பேராவது முடித்திருக்க வேண்டும், 70 பேராவது வேலையில் அமர்ந்திருக்க வேண்டும் என்று அம்மன்றம் அளவுகோலும் வகுத்திருக்கிறது. இதைப் படித்தபோது, மனித வாழ்க்கையை அறிந்தவர் எவரோ அந்தக் குழுவில் இருந்திருக்கிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

ஆனால் அந்த ஏற்பாட்டை அப்படியே நம் நாட்டுக்குக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். இங்கே சான்றிதழின் பலன் முதல் ஆண்டில் தெரிவதில்லை, பின்னால்தான் தெரிகிறது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு விண்ணப்பிக்க ஐ.டி.ஐ.யின் தேசியத் தொழிற்சான்றிதழோ டிப்ளமாவோ வேண்டும். பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர டிப்ளமா வேண்டும். கடல் கடந்து வேலைக்குப் போகிறவனிடம் முகவர் முதலில் கேட்பதும் காகிதத்தைத்தான். பத்தொன்பது வயதில் நாட்கூலிக்குப் போனவனும், ஓராண்டு பொறுத்துச் சான்றிதழோடு போனவனும், தொடக்கத்தில் ஒரே கூலியைப் பெறலாம். முப்பது வயதில் ஒருவன் மேற்பார்வையாளனாகவும் மற்றவன் அதே வெல்டிங் முகமூடியோடும் நிற்பதை நம் தொழிற்பேட்டைகளில் பிரத்தியட்சமாகக் காணலாம். ஆகவே, போனவனைத் தோல்வி என்று எழுதாமல், அதே சமயம் கணக்கு முடிந்தது என்று ஏட்டை மூடிவிடாமல், அவன் திரும்பி வந்து, விட்டுப்போன தாள்களை எழுதி முடிக்க வழி திறந்து வைப்பதே நமக்கு ஏற்றது. மூன்றாண்டு டிப்ளமாவை ஆறாண்டு வரையில் முடிக்கலாம் என்ற விதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த விதி இருப்பதை, போன பையனிடம் போய்ச் சொல்லுகிறவர்தாம் இல்லை.

ஏன் போகிறார்கள் என்ற ஆராய்ச்சியில் மேலை நாட்டில் பெரும் பெயர் பெற்றவர் வின்சென்ட் டின்டோ. 1975-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை, பிரெஞ்சு சமூகவியலறிஞர் எமில் துர்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூலிலிருந்து எடுத்தாளப்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்: சமுதாயத்தோடு ஒட்டாதவன் உயிரை விடுகிறான், கல்லூரியோடு ஒட்டாதவன் கல்லூரியை விடுகிறான் என்பது அதன் சாரம். விடுதியில் தங்கி, விளையாட்டும் சங்கங்களும் நட்புமாக நான்காண்டு வாழும் மாணவருக்கு இது பொருந்தலாம். காலையில் நகரப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்து, மாலையில் பெட்ரோல் பங்கிலோ ஜவுளிக்கடையிலோ வேலைக்கு ஓடும் பிள்ளைக்குக் கல்லூரியோடு ஒட்டுவதற்கு நேரம் ஏது? என் அனுபவத்தில், கல்லூரி பிடிக்காமல் போனவர்கள் சிலரே. பிடித்திருந்தும் போனவர்களே பலர்.

எங்கள் அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் வழங்கும் பதிவேட்டில் விலகும் காரணம் என்று ஒரு பத்தி உண்டு. அதில் பக்கம் பக்கமாகக் காணப்படும் விடை குடும்பச் சூழ்நிலை என்பதே. டி.சி. வேண்டும் என்று வந்து நிற்கும் பையனிடம் எழுத்தர் கேட்பார், அவன் தலை குனிவான், அவர் அந்தச் சொல்லை எழுதிக்கொள்வார், முதல்வர் கையெழுத்திடுவார். அந்த ஒரு சொல்லுக்குள், தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிட்டதும், இரண்டு மாதம் மஞ்சள் காமாலையில் கிடந்து வருகைப்பதிவு குறைந்ததும், பொறியியல் கணிதத்தில் இரண்டு முறை அரியர் விழுந்து இனி என்னால் ஆகாது என்று முடிவு கட்டியதும், அப்பாவின் மேஸ்திரி வேலை நின்றதும் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, அந்த நேரத்தில் கொஞ்சம் பணமோ கொஞ்சம் பேச்சோ இருந்திருந்தால் தீர்ந்திருக்கக் கூடியவை என்பது என் உறுதியான அபிப்பிராயம். போவது என்று தீர்மானித்துப் போகிறவர்கள் குறைவு. திங்கட்கிழமை வரவில்லை, வியாழக்கிழமை வர வெட்கமாயிருந்தது, அடுத்த மாதம் வருவதில் பொருளில்லை என்றவாறு நழுவிப்போகிறவர்களே அதிகம். நிர்வாகம் அறியும்போது அவன் போய் நெடுநாளாகியிருக்கும்.

இப்படி நழுவவிடாமல் காத்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தொழில்நுட்ப மையங்கள் என்ற பெயரில் இருந்து, 2013-இல் பயன்பாட்டுத் தொழில்நுட்பக் கல்லூரிகள் என்று பெயர் மாறிய சிறு கல்லூரிகள் உள்ளன. அப்போது அவை 27. அங்கே சேர்ந்தவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் படிப்பை முடிக்கிறார்கள் என்று தெரியவந்தபோது, அந்நாட்டுக் கல்வியாளர்கள் திகைத்தார்கள். ஏனெனில் அண்டையிலிருந்த சமுதாயக் கல்லூரிகளில் அதில் பாதியும் தேறுவது அரிதாயிருந்தது. அங்குப் பயின்றவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுமல்லர், பள்ளியில் முதன்மை பெற்றவர்களுமல்லர். இரகசியம் கால அட்டவணையில் இருந்தது. மாணவன் தனித்தனிப் பாடங்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்வதில்லை, ஒரு தொழிலுக்குச் சேர்கிறான், அவ்வளவே. காலை 8 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை, வாரத்தில் ஐந்து நாளும், 30 மணி நேரம், ஒரே பட்டறை, பெரும்பாலும் ஒரே ஆசிரியர். வருகை ஒவ்வொரு மணிக்கும் கணக்கிடப்படுகிறது. பிற்பகல் வேலை தேடிக்கொள்ளலாம் என்பது முதல் நாளே தெரிந்துவிடுவதால் குடும்பம் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்கிறது. கணிதத்திலோ வாசிப்பிலோ பின்தங்கியவனை, முதலில் இதைத் தேறு, பிறகு தொழிலுக்கு வா என்று வாயிலிலே நிறுத்துவதில்லை. தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து அறையில், அந்தத் தொழிலுக்கு வேண்டிய கணிதத்தை அவனவன் வேகத்தில் கற்பிக்கிறார்கள்.

நம் ஐ.டி.ஐ.களின் அமைப்பை அறிந்தவர்கள், இது நமக்குப் புதிதல்லவே என்று எண்ணக்கூடும். உண்மைதான். 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி நடைபெறும் ஐ.டி.ஐ.யிலும் ஒரு தொழில், ஒரு பட்டறை, இருபது பேர் அளவிலான ஓர் அலகு, அதற்கொரு பயிற்றுநர் என்பதே அமைப்பு. அந்த வடிவத்தின் அருமையை நாம்தான் உணராமலிருக்கிறோம். பாலிடெக்னிக்கோ பொறியியல் கல்லூரியின் சாயலைப் பின்பற்றியது. பத்தாம் வகுப்பை முடித்து, பெரும்பாலும் தமிழில் படித்து, பதினைந்து பதினாறு வயதில் வருகிற குழந்தைக்கு, எந்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஆங்கிலத்தில் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் வைக்கிறோம். லேத்தைப் பார்க்கும் ஆசையில் வந்த பையன், அந்த லேத்தைக் காண்பதற்குள் மூன்று அரியரோடு நிற்கிறான். அந்தப் பாடங்கள் வேண்டாம் என்பது என் வாதமல்ல. முதல் வாரத்திலேயே அவன் கையில் ஓர் அரத்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மாநகரத்தின் பொதுப் பல்கலைக்கழகமாகிய கியூனி, தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரம் படிக்கச் சம்மதித்த ஏழை மாணவருக்குக் கட்டணத்தில் விடுபட்ட பகுதி, பாடநூல், மாதந்தோறும் ரயிலுக்கும் பேருந்துக்குமான பயணச்சீட்டு ஆகியவற்றைக் கொடுத்தார்கள். மற்ற இடங்களில் ஓர் ஆலோசகர் அறுநூறு பேருக்கு மேல் கவனிக்க, இங்கு 60 முதல் 80 பேருக்கு ஒருவரை வைத்தார்கள். ஆலோசகரைச் சந்தித்தவனுக்கே அடுத்த மாதப் பயணச்சீட்டு. ஏறத்தாழ 900 மாணவரைச் சீட்டுக் குலுக்கலாக இரு பிரிவாக்கி மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, திட்டத்தில் இருந்தவருள் நூற்றுக்கு 40 பேர் முடித்திருந்தார்கள். இல்லாதவருள் 22 பேர். செலவு அதிகம்தான்; ஆனால் முடித்தவர் ஒருவருக்கு ஆன செலவு என்று வகுத்துப் பார்த்தால் அது குறைவாகவே இருந்தது. பின்னர் ஒகையோ மாநிலத்தில் அதையே செய்தபோதும் பலன் அதே போக்கில்தான் இருந்தது.

சோற்றுக்கும் படிப்புக்கும் உள்ள உறவை நம் மாநிலம் 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் வந்த காலந்தொட்டே அறிந்திருக்கிறது. அந்த அறிவு கல்லூரி வாசலுக்கு வரத்தான் நெடுங்காலம் ஆயிற்று. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் பட்டமோ டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ பயிலும் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. இவற்றுள் முந்தியது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமணத்துக்கு உதவிய திட்டத்தின் உருமாற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும்: கல்யாணத்தின்போது ஒருமுறை கொடுத்த பணம், படிக்கும்போது மாதந்தோறும் கொடுக்கும் பணமாயிற்று. இதைவிடச் சிறந்த சமூகச் சீர்திருத்தம் அண்மையில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனினும் அரசின் பணம் எல்லாருக்கும் ஒரே தேதியில் ஒரே தொகையாக வருவது; அதன் இயல்பு அது. மஞ்சள் காமாலை அந்தத் தேதியைப் பார்த்து வருவதில்லை.

சிறு கல்லூரிக்குப் பெரிய கல்லூரியிடம் இல்லாத ஒரே சொத்து, எல்லார் பெயரும் எல்லாருக்கும் தெரியும் என்பது. முந்நூறு மாணவர் உள்ள இடத்தில் வாயிற்காவலருக்கும் கேன்டீன்காரருக்கும்கூட இன்று யார் வரவில்லை என்பது தெரியும். தெரியாதது பதிவேட்டுக்குத்தான், ஏனெனில் பதிவேடு மாதக் கடைசியில் கூட்டப்படுகிறது. மூன்று நாள் வராதவன் வீட்டுக்கு நான்காம் நாள் காலை, எச்சரிக்கையாக அல்லாமல், ஏனப்பா வரவில்லை என்ற விசாரிப்பாக, அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவர் பேச வேண்டும் என்பது ஒன்றே போதும்; அதற்கு மென்பொருளும் வேண்டாம், குழுவும் வேண்டாம். வகுப்பு ஆலோசகர் என்ற பதவி நம் கல்லூரிகளில் இருக்கிறது. அவருடைய கைகளோ கோப்புகளில் கட்டுண்டு கிடக்கின்றன.

முடிவாக, அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். இந்த நிதியின் வட்டியில் ஒரு பகுதி, ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்குப் பதக்கமாகப் போகிறது என்று அறிகிறேன். அந்த மாணவர் பதக்கம் இல்லாவிட்டாலும் படிப்பை முடித்திருப்பார். அத்தொகையைக் கல்லூரி முதல்வரின் கையில் கொடுத்து, தேர்வுக் கட்டணத்துக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும், மருந்துக்கும், விலகிப்போனவன் திரும்பி வந்து அரியர் எழுதுவதற்கும், கேட்ட அன்றே கொடுக்கும்படி செய்தால் நலம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வேண்டாம். கடன் என்றால் கொடுக்க முடியாதவன் மறுபடியும் ஓடிவிடுவான். வருமானச் சான்றிதழ் கேட்க வேண்டாம். அதை வாங்க அவன் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நாள் அலைந்தால் அந்த இரண்டு நாள் வருகையும் போய்விடும். தணிக்கையாளருக்காக ஒரு படிவம் அவசியம் என்றால் அது அரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. அதிலும் காரணம் என்ற பத்தியில் குடும்பச் சூழ்நிலை என்று எழுதுவதற்கு மட்டும் அனுமதி இருக்கக்கூடாது.